கோவிந்தப்பனின் பித்தப்பையை எடுத்த ரோபோ

கோவிந்தப்பனுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்ததும், ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியே குஷியாகிவிட்டது. வருத்தப்பட்டவர்களும் இருந்திருக்கலாம், கண்ணில் படவில்லை. எல்லாம் அவர் வாயால் வந்த வினை. வெல்டிங் ரோபோக்களுக்குச் சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து, "மனுசன் கை நடுங்கும்யா, ரோபோ கை நடுங்காது" என்று விடிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். ஆக, கேன்டீனில் ஒரே பேச்சுதான்: ஆபரேஷன் ரோபோவிலா, டாக்டர் கையிலா?

ஆனால் ரோபோவின் லட்சணம் அவருக்குத்தானே தெரியும்! போன மாதம்கூட மூன்றாம் நம்பர் ரோபோ, பாகமே வைக்காத இடத்தில் வெறும் காற்றுக்கு நாற்பது நிமிஷம் வெல்டிங் வைத்தது. அது தன் வயிற்றுக்குள் இறங்கினால்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ரோபோ வேண்டாம் என்றால் பத்து வருஷத்து மானம் போகும், வேண்டும் என்றால் உயிரே போகும் என்று மனுஷன் முழி பிதுங்கிப்போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதியா பொறுமையாக விளக்கினார். கேமராக் குழாய் விட்டு டாக்டரே கையால் செய்யும் லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ, வயிற்றில் போடுவது சின்னச் சின்னத் துளைகள்தான். அநேகமாக மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்.

கோவிந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், ரோபோ ஓடுறப்ப நீங்க வேலிக்கு உள்ள இருப்பீங்களா, வெளிய இருப்பீங்களா?"

"எந்த வேலிங்க?"

"எங்க கம்பெனில மாதிரி ரோபோவச் சுத்தி வேலி இருக்கணும் இல்லீங்களா? கதவத் தொறந்தா அதுவா நின்னுடணும். பாதியில நின்னுபோச்சுன்னா ரீசெட் யாரு பண்றது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது தானா ஒண்ணும் பண்ணாதுங்க. நான் அந்த ரூம்லயே உக்காந்து கைய அசைச்சாத்தான் அசையும். சிக்கலான கேஸுன்னா வசதி. உங்க கல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரோபோல செலவு கூட."

"நீங்க எது எத்தன பண்ணியிருக்கீங்க?"

"லேப்ராஸ்கோப்பி ரெண்டாயிரத்துக்கு மேல. ரோபோல பதினொண்ணு."

"அப்ப உங்க கையாலயே பண்ணிடுங்க தாயி! வெளிய மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நாராயணம்மா தலையில் அடித்துக்கொண்டார். "த்தூ, இதுல என்னாத்துக்குய்யா வெக்கம்?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனவர், கேட்டவன் கேட்காதவன் எல்லோருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "பாரு, அளவெடுத்தாப்புல நாலு தழும்பு. மனுசன் கை இப்டிப் போடுமா?" லேப்ராஸ்கோப்பியிலும் தழும்பு அப்படித்தான் இருக்கும் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நுணலும் தன் வாயால் கெடும். விஷயம் மேனேஜர் விமல்ராஜ் காதுக்குப் போனது. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் கோவிந்தப்பனை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். "நம்ம கோவிந்தப்பன் சொந்த வயித்தையே ரோபோவ நம்பிக் குடுத்தாரு. பாலிஷ் லைனக் குடுக்க நாம பயப்படலாமா?" பாலிஷ் போடும் ரோபோ அடுத்த மாதம் வருகிறது, பாலிஷ் செக்‌ஷனில் இருக்கிற ஒன்பது பெண்களும் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம்.

மீட்டிங் முடிந்து இறங்கியவர் எதிரில் பிரவீனா வந்து நின்றாள். பாலிஷ் செக்‌ஷனில் ஏழு வருஷம். அவர் வலியில் சுருண்டு விழுந்த அன்றைக்குத் தன் ஸ்கூட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அண்ணா, மெய்யாலுமே ரோபோதான் பண்ணுச்சா? இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, நாங்க ஒம்போது பேரும் மேனேஜர்கிட்ட போயி நிப்போம்."

மற்ற எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து விமல்ராஜும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊமையாகவே பிறந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

"ரோபோதாம்மா" என்றார் கோவிந்தப்பன்.

"சரிண்ணா. உங்களுக்கு நல்லபடியா ஆச்சே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டுப் பிரவீனா மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள்.