கோடு உட்காராத நாள்

1957 மே 13, திங்கட்கிழமை. புத்தர் திருநாளான வெசாக் என்பதால், ஊரார் 'கோடு' என்னும் அட்டன் நீதிமன்றம் மூடியிருந்தது.

வீரம்மாவுக்கு அது தெரியாது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெசாக்குக்கும் வேலை உண்டு. கொழுந்து நிறுவையில் நியாயம் கேட்டதற்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை இல்லாதவள் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மூன்றாம் தேதி தீர்ப்பு வந்தது. அப்பீல் செய்யப் பத்து நாள் தவணை. விரல்விட்டு எண்ணியதில் இன்று எட்டாவது நாள்.

காலையில் பீலிக்கரையில் குடத்தை வைத்தபோது பெரிய கங்காணி செல்லசாமி நின்றார்.

"என்னா வீரம்மா, சட்டிபானையெல்லாம் கட்டியாச்சா? இன்னையோட பத்து நாளு முடியுதே."

"எட்டுதானுங்களே."

"ரெண்டு ஞாயித்துக்கெழமைய யாரு தின்னா? நாளைக்குக் காலைல பூட்டோட வாறேன்."

காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக்களத்தில் பேரு, அதாவது அன்றைய சம்பளக் கணக்கு, விழுந்தால்தான் தோட்டத்தில் அது நாள்; ஞாயிறு கணக்கில் இல்லை. இருபது வருஷமாக அவள் எண்ணியது அப்படித்தான். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அட்டனுக்கு நடந்தாள்.

நீதிமன்றக் கதவில் பூட்டு. எதிர்க்கடையில் வெசாக் கூடு ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பீல் மனுவை எழுதி வைத்திருந்த வக்கீல் ஆபீஸ் கிளாக்கர் முத்துலிங்கத்தின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்தார்.

"பயப்படாதம்மா. இதுக்கு 'டைஸ் நோன்'னு லத்தீன்ல பேரு. கோடு உக்காராத நாளு. கடைசி நாளு இப்புடி வந்தா, தொறக்கிற அன்னைக்குக் குடுக்கலாம்."

"அப்ப ஞாயித்துக்கெழமைங்க?"

"நடுவுல வந்தா அதுவும் நாளுதான்."

"பேரு போடாத நாள நாங்க நாளுன்னு சொல்றதில்லைங்க."

முத்துலிங்கம் சிரித்தார். "அத நீதவான்கிட்ட சொல்லிறாத. நாளைக்குக் காலைல வந்து கைநாட்டு வையி. மனுவுல முத்திரை விழுந்துட்டா அறைய யாரும் தொட ஏலாது."

"காலைல கங்காணி பூட்டோட வருவாரே. ஒரு துண்டு எழுதித் தாங்க."

"கோட்டு முத்திரை இல்லாம நான் எழுதுறது வெறுங்கடதாசி. ஆள் உள்ளுக்கு இருந்தா பூட்ட ஏலாது. அத மட்டும் பாத்துக்க."

திரும்பி நடக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

செவ்வாய் காலை பெரட்டுத் தப்பு அடித்தபோது மகள் நாகலெட்சுமி கூடையை எடுக்கவில்லை. வாசற்படியின் குறுக்கே கால்நீட்டி உட்கார்ந்தாள்.

"எந்திரிக்காத. என்னா ஏசினாலும் வாயத் தொறக்காத," என்று சொல்லிவிட்டு வீரம்மா இறங்கினாள்.

ஏழு மணிக்குச் செல்லசாமி பூட்டோடு வந்தார். எட்டரை வரை நின்றுவிட்டுப் பூட்டாமலே திரும்பினார்.

ஒன்பதே முக்காலுக்கு அப்பீல் மனுவில் முத்திரை விழுந்தது. அன்று தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் நாகலெட்சுமிக்குப் பேரு விழவில்லை.