மஞ்சளில் பதிந்த குதிகால்

வீடு முக்கால்வாசி காலியாகிவிட்டது. அம்மாவின் சாமான்களைப் பிரித்துக்கொண்டதில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு சச்சரவும் வரவில்லை. பீரோவை "நீ எடுத்துக்கோக்கா" என்றான் அவன். தையல் மெஷினை "உன் பெண்டாட்டிக்குக் கொடுடா" என்றாள் அவள். கூடத்துச் சுவரிலிருந்து அந்தப் படத்தை இறக்கியதும்தான் வந்தது வினை.

அம்மா வரைந்ததிலேயே பெரியது அது. மரம், மனிதர், மாடு எதுவும் கிடையாது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. அதற்குள் நீலம் பாய்ந்து, கீழே வந்து மஞ்சளில் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டைத் தூரிகையால் அப்பி அப்பி இழுத்ததில் சாயம் வரப்பு வரப்பாகக் கட்டியிருக்கும். பலகையைப் பின்னறைத் தரையில் போட்டு, முட்டி போட்டுத்தான் அம்மா வரைவாள். காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த அறைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அப்படி ஈரமாகக் கிடந்தபோதுதான் மஞ்சளில் ஒரு குதிகால் பதிந்தது. அப்பா பிள்ளைகள் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"அம்மா சத்தியமா நான் இல்லப்பா, அக்காதான்."

"அம்மா சத்தியமா இவன்தான்."

ஆளுக்கு இரண்டு விழுந்தது. அம்மா மட்டும், "விடுங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பள்ளத்தை அவள் மூடவேயில்லை.

இத்தனை வருஷம் கழித்து இரண்டு பேரும் பிளேட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

"அது என் கால்தான்க்கா. படம் எனக்கு."

"யாரு காதுல பூ சுத்தற? அன்னிக்கு இல்லவே இல்லன்னு அந்தக் குதி குதிச்சியே."

"அடிக்குப் பயந்து சொன்னேன்."

"நானும்தான்."

அக்கா படத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டால், அம்மா வீடு என்று வந்து நிற்க ஓரிடம் இல்லை. இந்தப் படத்தடியில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். மற்றதெல்லாம் போனால் போகட்டும், இது வேண்டும்.

"வச்சுப் பார்த்துடலாம்," என்றாள்.

பலகையைத் தரையில் கிடத்தினார்கள். தம்பியின் குதிகால் பள்ளத்தைவிட்டு வெளியே வழிந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லக் காலை இறக்கினாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"பார்த்தியா? இப்ப என்ன சொல்ற?"

தம்பி குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உனக்கு என்ன வயசுக்கா?"

"ஒன்பது."

"ஒன்பது வயசுல இம்மாம் பெரிய காலா உனக்கு?"

கல்யாணம் ஆகிப் போகும்வரை அம்மாவின் செருப்பைத்தான் அவளும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி அம்மா," என்று தம்பி சிரிக்க ஆரம்பித்தான். "எட்டி எட்டிப் பூசறேன்னு தானே மிதிச்சுட்டு, நம்மள அடி வாங்க விட்டுட்டு, கமுக்கமா போயிருக்கா பாரு." சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நீயே எடுத்துக்கோக்கா. நான் அங்க வந்து பார்த்துக்கறேன்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"வண்டி வந்துடுச்சு. காலை எடுக்கா."

"இருடா," என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."