உரோமையைக் கைவிட்ட ஐந்தாம் நாள்

மடு மாதாவுக்கு முடிசூட்டும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்க ஐரோப்பாவிலிருந்து முப்பத்திரண்டு உதைபந்தாட்டக் கழகங்களைத் துணைக்கு அழைக்க வேண்டிவரும் என்று அஞ்சலீனா கனவிலும் நினைத்திருக்கவில்லை. அவை வந்தது சுற்றுவழியாக, ஆனால் வரவழைத்த காரணம் நேரானது.

சிட்னியின் செவன் ஹில்ஸில் கூடும் மன்னார்க் கத்தோலிக்கர் ஒன்றியத்தில், பெருநாள் திருப்பலிக்கு முன் மாதாவின் திருச்சொரூபத்துக்கு முடி சூட்டுவது வழமை. பதினான்கு பெருநாள்களாக அதைச் சூட்டியவர் ஒன்றியத் தலைவர் றெஜினோல்ட். முடியை வாங்கித் தந்தவர் அவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதே பதினான்கு பெருநாள்களுக்கும் மாதாவுக்கு உடை தைத்தவர் செயலாளர் அஞ்சலீனா. தைத்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, வாங்கியவர் மேலே ஏறிப் படத்துக்குச் சிரிப்பது எந்த ஏற்பாட்டிலும் எழுதப்படாத ஒழுங்கு என்பது அவருடைய முடிவு. மருந்துப் பெட்டிகளைப் பொதியிடும் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒட்டிய பெயர்ச்சுட்டி நூலளவு சரிந்திருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அறுபத்தெட்டு வயதில் அவர் வேண்டியது ஒன்றுதான்: ஒருமுறையாவது, முறைப்படி, தம் கையால் அந்த முடியைச் சூட்டவேண்டும்.

இரண்டாயிரத்து இருபத்தோராம் ஆண்டின் பொதுக்கூட்டம், ஊரடங்கின் காரணமாகக் கணினித் திரையில் நடந்தது. கோரிக்கையை அஞ்சலீனா அங்கேயே வைத்தார். கூட்டம் இரண்டுபட்டது.

"திருவுளச்சீட்டுப் போடுவம்," என்றார் பங்குத்தந்தை கிறிஸ்ரியன் அடிகள்.

"சீட்டை எடுக்கிறது ஆர், ஃபாதர்? எடுக்கிற கையிலயும் விளையாட்டு இருக்கும்," என்றார் றெஜினோல்ட்.

"அப்ப விளையாட்டையே வைப்பம், அங்கிள்," என்றாள் அஞ்சலீனாவின் மகள் நிஷானி.

ஐரோப்பாவில் அந்த ஆண்டுதான் கழகங்களுக்கெனப் புதிய கிண்ணம் ஒன்று தொடங்கியிருந்தது. பெரிய கிண்ணங்கள் இரண்டிலும் இலை கிடைக்காதவர்களுக்கான மூன்றாம் பந்தி அது. முதலில் குழுக்களாக ஆடுவார்கள். பின்னர் தோற்றவர் வெளியேற, மே மாதத்தில் ஒருவர் மிஞ்சுவார். குழுக்களில் முப்பத்திரண்டு கழகங்கள். ஒன்றியத்திலும் முப்பத்திரண்டு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு கழகம் சீட்டில் விழட்டும், கிண்ணம் வெல்லும் கழகத்தின் சீட்டை வைத்திருப்பவர் முடி சூட்டட்டும் என்றாள் நிஷானி.

"இதுதான் ஃபெர்ஸ்ற் சீசன். ஒருத்தரும் முந்தி வெண்டதில்லை. இது எங்கட பரம்பரை உரிமை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

திரையிலிருந்த முப்பது சதுரங்களும் ஒரே சதுரத்தைப் பார்த்தன. றெஜினோல்ட் தமது ஒளிப்படக் கருவியை அணைத்தார். மௌனம் சம்மதம் என்று அஞ்சலீனா பதிவுசெய்து, அன்று மாலையே பதினொரு விதிகளை எழுதி முடித்தார். அவற்றுள் ஆறாவது: குழு ஆட்டங்கள் முடியும்வரை இரு குடும்பத்தார் ஒப்பமிட்டுச் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒன்பதாவது: வென்றவர் சபையில் சீட்டைக் காட்டவேண்டும்.

ஊரடங்கு தளர்ந்த பின் வந்த முதல் ஞாயிறு, ஒக்ரோபர் பதினேழு, ஆலய முற்றத்தில் சீட்டு எடுத்தார்கள். ஐரோப்பாவில் அதற்குள் இரண்டு சுற்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அதைப் பொருட்படுத்துவதில்லை என்று நான்காவது விதி சொன்னது.

றெஜினோல்டுக்கு விழுந்தது உரோமை நகரத்துக் கழகமான றோமா. அவர் சீட்டைக் கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, உயர்த்திக் காட்டினார்.

"பேதுருவின்ர கதிரை இருக்கிற இடம். நான் கேட்கேல்லை, தானா வந்தது. இனி முடியைத் தூசு தட்டுறது மட்டுந்தான் மிச்ச வேலை."

அஞ்சலீனாவுக்கு விழுந்தது போடோ கிளிம்ற். அது ஊரா மருந்தா என்று அவருக்கே ஐயம். நிஷானி கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். நோர்வேயில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், மீன்பிடிக்குப் பேர்போன சிறு பட்டினம். அதன் ஆதரவாளர்கள் ஆளுயர மஞ்சள் பற்தூரிகைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவார்களாம்.

"குறை நினையாதேங்கோ, அஞ்சலீனா அக்கா," என்றார் றெஜினோல்ட். "உங்கட ஆக்கள் தோத்தாலும் பல்லாவது சுத்தமா இருக்கும்."

முற்றம் சிரித்தது. அஞ்சலீனா சீட்டை நான்காக மடித்து, செபமாலைப் பையினுள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அந்தப் பற்தூரிகைப் பட்டினம் உரோமையை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. முற்பகல் ஒன்பது நாற்பதுக்கு றெஜினோல்டின் வண்டி அஞ்சலீனாவின் வாசலில் நின்றது. வண்டிக் கதவைச் சாத்தாமலே அவர் படியேறி ஓடிவந்தார். கையில் பட்டர் கேக். குசினிக்குள் நுழைந்து கதிரையில் விழுந்தவர், அதுவரை முகக்கவசத்தைக் கழற்றவும் மறந்திருந்தார்.

"ஆறு, அக்கா. ஆறு."

"அறிஞ்சன்."

"ஒண்டு ரண்டெண்டால் ஏதோ பிழையெண்டு சொல்லலாம். ஆறெண்டால் அது கைவிட்ட கணக்கு. மாதாவே கைவிட்டிட்டா."

"இப்ப உமக்கு என்ன வேணும்?"

"ஆறாம் விதி," என்றார் றெஜினோல்ட், கேக்கை மேசையில் முன்னோக்கித் தள்ளியபடி.

அஞ்சலீனா யோசித்தார். உதைபந்தாட்டம் அவருக்குத் தெரியாது. ஒரு பந்தை இருபத்திரண்டு பேர் துரத்துவது நிர்வாகச் சீர்கேடு என்பதே அவருடைய கருத்து. திருச்சபை வரலாறு ஓரளவு தெரியும். வடக்கிலிருந்து வந்தவர்கள் உரோமைக்குள் புகுந்து சூறையாடுவது இது முதற்றடவையன்று. சூறையாடியவர்களின் பெயர்கள் இன்று பரீட்சை வினாக்களுக்கு மட்டுமே உதவுகின்றன. உரோமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் பதிவேட்டை எடுத்துவந்து நாளையும் நேரத்தையும் நடந்ததையும் எழுதினார். றெஜினோல்ட் வாசியாமலே ஒப்பமிட்டார், அஞ்சலீனா வாசித்து ஒப்பமிட்டார். சீட்டுகள் கைமாறின. ஞாயிற்றுக்கிழமை முத்தம் பெற்ற உரோமை வெள்ளிக்கிழமை வேண்டாதது ஆயிற்று.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார் றெஜினோல்ட், எழுந்து நின்று. "உரோமையை விட்டிட்டு மீன்பிடிகாரரிட்டப் போனவன் எண்டு மன்னாராக்களுக்குத் தெரிஞ்சால் நான் தலை காட்டேலாது."

"பேதுருவும் மீன்பிடிகாரர்தானே."

"அக்கா, பகிடி விடாதேங்கோ."

"கேட்டால் சொல்லுவன். கேளாட்டில் சொல்லமாட்டன். போட்டு வாரும், கார்க்கதவு திறந்து கிடக்கு."

ஒருவரும் கேட்கவில்லை. குழு ஆட்டங்கள் முடிந்தன, புத்தாண்டு பிறந்தது, மார்ச்சில் காலிறுதிக்கான குலுக்கலில் எதிரெதிரே விழுந்தவை போடோவும் றோமாவுமே. ஒருவரையொருவர் இருமுறை சந்திக்கவேண்டும். இரண்டு ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் முந்தியவர் மேலே போவார்.

முதல் ஆட்டத்தில் பற்தூரிகைக்காரர் இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். அந்தக் குருத்தோலை ஞாயிறன்று றெஜினோல்ட் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆலய வாசலில் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்து, உரோமையின் தோல்விக்கு அனுதாபம் தெரிவித்தார்கள். உள்ளே பொங்கிய பூரிப்பை அமுக்கிக்கொண்டு, குருத்தோலையால் வாயை மறைத்துக்கொண்டு, "என்ன செய்யிறது, ஆண்டவற்றை சித்தம்," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அஞ்சலீனா இரண்டு வாங்கு வரிசை தள்ளி நின்று அதைப் பார்த்தார்.

இரண்டாவது ஆட்டம் உரோமையில் பெரிய வியாழன் இரவு. சிட்னியில் அதுவே பெரிய வெள்ளி அதிகாலை. அஞ்சலீனாவின் வீட்டில் அன்றைக்குத் தொலைக்காட்சி இல்லை, அடுப்பு இல்லை, மூன்று மணிவரை பேச்சும் இல்லை. ஏழு மணியளவில் நிஷானி அறையிலிருந்து வெளியே வந்தாள். தாயின் முன் நின்று நான்கு விரல்களைக் காட்டினாள். பிறகு விரல்களைக் குவித்து ஒரு வட்டம் காட்டினாள். யாருக்கு நான்கு, யாருக்கு வட்டம் என்று கேட்க அஞ்சலீனாவின் நாக்குத் துடித்தது. நோன்பை முறிக்க மனம் வராமல் யேசுவின் படத்தைச் சுட்டி, பின்பு வடக்குத் திசையைச் சுட்டி, கண்ணால் வினவினார். மகள் தலையைத் தாழ்த்தி, யேசுவின் பக்கம் கையைக் காட்டினாள். உரோமைக்கு நான்கு.

அன்று மாலை சிலுவையை முத்தமிட வரிசையில் வந்த றெஜினோல்டின் முகத்தில் கண்ட துயரம் ஒன்றியத்தையே உருக்கிவிட்டது. "உரோமை வெண்டும், மனுசன் ஆண்டவற்றை பாடுகளை நினைச்சு அழுகிறார் பாருங்கோ," என்று பின்வரிசை வாங்கில் இருந்த இரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலீனா முழந்தாளில் நின்றபடி, சிரித்தது பாவமாகுமா என்று தம்மைத்தாமே விசாரித்தார்.

அரையிறுதியையும் உரோமை கடந்தது. இறுதி ஆட்டம் மே இருபத்தாறாம் நாள் வைகறை ஐந்து மணிக்கு. ஆலய மண்டபத்தில் திரை கட்டி, பிளேன்ரீயும் மீன் அடைத்த மாலுபாணும் வைத்தார்கள். எதிரணி ஒல்லாந்திலிருந்து வந்த பெயநூர்ட் என்று அறிந்ததும், உதைபந்தாட்டத்தை ஏறெடுத்தும் பாராத கிழவர்களெல்லாம் போர்வையோடு வந்துவிட்டார்கள். இலங்கையை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்க, மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் மடுக் காட்டுக்குள் ஓடிய நாளிலிருந்து, ஒல்லாந்தருக்கும் மன்னாருக்கும் முந்நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு ஒன்று தீராமல் கிடந்தது.

"மாதாவைக் காட்டுக்குள்ள துரத்தினவங்கள் இவங்கள்தானே," என்றார் எண்பது வயது அரியரத்தினம், திரையை ஊன்றுகோலால் குத்துவதுபோல் காட்டி.

பெயநூர்டின் சீட்டை வைத்திருந்த ஜோன்சனுக்கு ஒருவரும் பிளேன்ரீ கொடுக்கவில்லை. "சீட்டு விழுந்ததுக்கு நான் என்ன செய்ய? எங்கட பாட்டன் ஒல்லாந்தனோ?" என்று கேட்டுக்கொண்டே அவர் தாமே ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

முப்பத்திரண்டாம் நிமிடத்தில் உரோமை ஒரு பந்தைப் புகுத்தியது. அதன்பின் ஒரு மணித்தியாலம் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள். உரோமை கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் என்று ஆட்டம் முடிந்தபோது, மண்டபம் றெஜினோல்டைத் தோளில் தூக்காத குறை.

"ஒன்பதாம் விதி," என்றார் கிறிஸ்ரியன் அடிகள். "சீட்டைக் காட்டுங்கோ, றெஜினோல்ட்."

றெஜினோல்ட் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப்பையைத் தடவினார். இல்லை என்று நன்றாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் தேடி முடித்து, நிமிர்ந்தார். முகத்தில் புதிதாக ஓர் ஒளி வந்திருந்தது.

"சீட்டு அஞ்சலீனா அக்காவிட்ட இருக்கு, ஃபாதர். நான்தான் குடுத்தனான். எத்தினை வருசமா மாதாவுக்கு உடுப்புத் தைக்கிறா. அவவும் ஒருக்கால் சூட்டட்டுமெண்டு நினைச்சன். வெளியில சொல்ல விரும்பேல்லை."

மண்டபம் கைதட்டியது. "குடுத்து வைச்சனீங்கள், அக்கா," என்று இரஞ்சிதம் கட்டிப்பிடித்தார். றெஜினோல்டின் பெருந்தன்மையை அடிகள் ஞாயிறு மறையுரையிலும் சேர்த்துக்கொண்டார். யார் வென்றார், எப்படி வென்றார் என்று மட்டும் ஒருவரும் அஞ்சலீனாவிடம் கேட்கவில்லை. விதிப்படி வென்ற முடி, பிச்சையாக மாறி அவர் மடியில் விழுந்திருந்தது.

ஜூன் மாத நிர்வாகக் கூட்டத்தில் பெருநாள் அழைப்பிதழின் மாதிரியை றெஜினோல்ட் மேசைமேல் விரித்தார். நடுவில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'தலைவர் றெஜினோல்ட் அவர்களின் பெருந்தன்மையால் முடி சூட்டுபவர்: திருமதி அஞ்சலீனா.'

அஞ்சலீனா அதை இருமுறை வாசித்தார். சுட்டி சரிந்த பெட்டியைத் தள்ளும் அதே விரலால் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"இப்பிடியெண்டால் நான் சூட்டமாட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

"அக்கா, இதென்ன பிடிவாதம்," என்றார் அடிகள்.

"ஒருத்தர் இரங்கித் தந்ததை மாதாவின்ர தலையில வைக்கேலாது, ஃபாதர்."

எட்டுப் பேர் கொண்ட மேசை சங்கடத்தில் நெளிந்தது. இறுதி ஆட்டத்தின் வடு இன்னும் ஆறாதிருந்த ஜோன்சன் மட்டும் நிமிர்ந்தார்.

"அஞ்சலீனா அக்கா, இந்தச் சீட்டு எப்பதான் கைமாறினது?"

றெஜினோல்ட் கண்களை மூடினார். அஞ்சலீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

"இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஒக்ரோபர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, முற்பகல் ஒன்பது நாற்பது. உரோமை ஆறுக்கு ஒன்று எனத் தோற்றமையால், தலைவர் செயலாளரின் வீட்டுக்கு ஓடிவந்து, ஆறாம் விதியின்படி உரோமையைக் கொடுத்துப் போடோவைப் பெற்றுக்கொண்டார். உடன் வந்தது: பட்டர் கேக், ஒன்று."

முதலில் சிரித்தவர் ஜோன்சன். அடிகள் இருமுவதுபோல் வாயைப் பொத்தினார். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

"குருத்தோலை ஞாயிறு நான் குடுத்த அனுதாபத்தைத் திருப்பித் தாரும், றெஜி," என்றார் ஜோன்சன்.

சிரிப்பு அடங்கியதும் அடிகள் அழைப்பிதழ் மாதிரியில் ஒரு வரியை அடித்து, மேலே எழுதினார்: 'சீட்டில் வென்று முடி சூட்டுபவர்.' தலைவரின் ஒப்பமின்றி அது அச்சுக்குப் போகாது. தாளும், பதிவு சபையில் வாசிக்கப்பட்டதை உறுதிசெய்யப் பதிவேடும் றெஜினோல்டின் முன் வந்தன. அவர் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்தார்.

"எல்லாம் சரி, அக்கா. அந்த 'ஓடிவந்து' எண்டதை மட்டும் 'வந்து' எண்டு மாத்தலாமோ?"

"கார்க்கதவைச் சாத்தினனீரோ?"

"இல்லை."

"அப்ப ஓடித்தான் வந்தனீர்."

றெஜினோல்ட் பெருமூச்செறிந்து, இரண்டு இடங்களிலும் ஒப்பமிட்டார். அஞ்சலீனா மை காயும்வரை காத்திருந்து, தாளைக் கோப்பில் வைத்து, அடுத்த விடயமான ஒலிபெருக்கியை வாசிக்கத் தொடங்கினார். குரல் சற்றே நடுங்கியது. ஒலிபெருக்கிக்காக அவர் குரல் நடுங்கியதை அந்த மேசையில் ஒருவரும் அதற்குமுன் கேட்டதில்லை.