மேயரும் கிழிந்த காதுப் பன்றியும்

சுதந்திரப் போரில் நான் கேப்டன். மூன்று சண்டைகளில் பின்வாங்கினோம். மூன்றிலும் நான்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். கடைசியில் எங்கள் பக்கம் ஜெயித்துவிட்டதால் என்னை வீரன் என்றார்கள். நகரசபை மேயராகவும் ஆக்கிவிட்டது.

சண்டை போட எதிரி வேண்டுமே! பன்றிகளை எதிரியாக்கிக்கொண்டேன். எங்கள் ஊர் ஏழைகள் பன்றியைத் தெருவில் விட்டுத்தான் வளர்ப்பார்கள். குப்பையைத் தின்று கொழுத்தால் குளிர்காலத்துக்கு உப்புக்கண்டம். எனக்கோ அது அசிங்கமாகப் பட்டது. தெருவில் திரியும் பன்றி அநாதை விடுதிக்குக் கறியாகும் என்று சட்டம் போட்டேன். சுதந்திர தின ஊர்வலத்துக்குத் தெரு பளிச்சென்று இருக்க, அன்று காலையே பிடிக்கச் சொன்னேன்.

பழைய சீருடைக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் குதிரையில் வந்தால், மீன் சந்தை முனையில் பன்றி வண்டியைப் பெண்கள் மறித்து நிற்கிறார்கள், கையில் துடைப்பத்தோடு.

"வாங்க கேப்டன்! ஓடுறதுக்கு வழி அந்தப் பக்கம் இருக்கு!"

ஒரே சிரிப்பு. வாளை உருவினேன். துரு ஏறிப்போய் உறையைவிட்டு வரவில்லை.

அப்போது தபித்தா முன்னால் வந்தாள். என் படையின் முரசுக்காரன் ஒபதியாவின் மனைவி. பின்வாங்கும் முரசை, நாங்கள் அத்தனை பேரும் தப்பும்வரை நின்று அடித்தவன் அவன். அவன் மட்டும் தப்பவில்லை. வண்டிக்குள் இருந்த கிழிந்த காதுப் பன்றி அவளுடையது.

"என் புருஷன உங்ககூட அனுப்புனேன், திரும்பி வரல. இப்ப பன்னியும் போகுது. குளிருக்கு நான் எதத் தின்னுறது கேப்டன், உங்க சட்டத்தையா?"

நகரசபை உறுப்பினர் தேடியஸ் என் காதருகே வந்தார். "மேயரே, இப்ப இறங்கிப் போனீங்கன்னா நாற்காலி போயிரும்."

இறங்கினேன். வண்டிக் கதவின் தாழ்ப்பாளை நானே திறந்தேன்.

பன்றிகள் என்னைத் தள்ளிவிட்டு ஊர்வலத்துக்குள் பாய்ந்தன. வாத்தியக்காரர்கள் சிதறி ஓடினார்கள். சேற்றில் கிடந்த மேயரைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. தபித்தாவின் பன்றி மட்டும் நகர மறுத்தது. சீருடையோடு அதன் பின்புறத்தைத் தள்ளித் தள்ளி அவள் வாசல்வரை கொண்டுபோனேன். என் ராணுவ வாழ்க்கையில் நான் முன்னேறியது அன்றுதான்.

தபித்தா படலைச் சாத்தினாள். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு உசுரையாவது வீடு கொண்டாந்து சேத்தீங்களே, கேப்டன்."