தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

பார்வதி ஏற்காட்டு மலையிலுள்ள செம்மநத்தத்துக்குத் திரும்பி வந்தது 1996 அக்டோபர் கடைசியில். அதற்கு நூற்றுப்பத்து நாள் முன்பு, வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் அண்ணன் சென்றாயனின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து அவள் ரத்தத்தில் ஏற்றியிருந்தார்கள். அவளுடைய சொந்த மஜ்ஜையைப் புற்று தின்றுவிட்டிருந்தது. புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ஆனால் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. வந்த மஜ்ஜை அவள் உடம்போடு சண்டை போடுகிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

அனுப்பும்போது டாக்டரம்மா அவள் புருசன் பொன்னுவேலையும் சென்றாயனையும் தனியே உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த மாத்திரை சண்டைய அடக்கும். எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கும். சைட்டோமெகலோன்னு ஒரு வைரஸ் இருக்கு. சின்ன வயசுலயே நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு வந்திருக்கும். வந்தது போறதில்ல, உள்ளயே கிடக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இவங்களுக்குக் கிளம்பி நுரையீரலுக்குப் போயிட்டா, மருந்து குடுத்தும் பாதிப் பேரக் காப்பாத்த முடியறதில்ல. கிளம்பும்போதே பிடிக்கணும்."

வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நூறைத் தாண்டினால் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும்.

"ஏனுங்க டாக்டரம்மா, அது என்ற மஜ்ஜையிலிருந்து அவளுக்குப் போயிருக்குமுங்களா?" என்று கேட்டான் சென்றாயன்.

"உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் முன்னாடியே இருக்கு. யாருதுன்னு தேடாதீங்க."

அவன் தேடாமல் இருக்கவில்லை. ஏற்காட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டும் அவன், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதையே நினைத்துக்கொண்டு திரும்பினான்.

நவம்பரில் மழை பிடித்தது. மண் சரிந்து பாதை அடைபட்டதில் இரண்டு வாரம் ரத்தம் போகவில்லை. மூன்றாம் வாரம் சென்றாயன் எப்படியோ ஜீப்பை ஏற்றிக்கொண்டு வந்தான். சத்தம் கேட்டுப் பார்வதி காப்பித் தோட்டத்து வழியாக இறங்கி ரோட்டுக்கு வந்தாள். சிரித்தாள். திரும்ப மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கண்ணு?"

"வழுக்குதுண்ணா."

வழுக்குகிறவள் வாயால் மூச்சு வாங்க மாட்டாள். ஊட்டுக்குள் நுழைந்ததும் அவன் நோட்டை எடுத்துப் பார்த்தான். காலை 98.4. மாலை 98.4. அடுத்த பக்கமும் அதேதான். ஒரு நாள்கூட மாறவில்லை.

"மாப்ள, இதப் பாத்து எழுதினது யாரு?"

"அவதான் பாத்துச் சொல்லுவா மச்சான். நான் எழுதுவேன்," என்றான் பொன்னுவேல். சொல்லும்போதே அவன் முகம் மாறியது.

சென்றாயன் தர்மாமீட்டரைத் தானே அவள் நாக்கடியில் வைத்து, கண்ணை எடுக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தான். நூற்றொன்று புள்ளி ஆறு.

"எத்தன நாளா?"

"ஒம்பது நாளு," என்றாள். "அவரு திரும்பறதுக்குள்ள தர்மாமீட்டர உதறி எறக்கிருவேன். போன வருசக் காப்பி செடியிலயே உதுந்து போச்சுண்ணா, அவரு என் கட்டிலோரமே கெடந்ததால. இந்த வருசமும் பழுத்து நிக்குது. அப்புறம் ஆஸ்பத்திரியில தனியாப் போட்டு வெச்ச அந்தக் கண்ணாடி ரூமு... நொம்ப பயமா இருக்குதுண்ணா."

பொன்னுவேல் கம்பளியை எடுத்து அவளைச் சுற்றினான், தூக்கிக்கொண்டு இறங்கினான்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பெரிய ரோடு மூடியிருந்தது. குப்பனூர் வழியாக இறங்கினார்கள். மூடுபனியில் வண்டி மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. பின்னால் அவள் மூச்சு நாய் இளைப்பதுபோலக் கேட்டது. அது கேட்கும்வரை பரவாயில்லை என்று சென்றாயன் எண்ணிக்கொண்டான். அடிவாரத்தில் வெளிச்சம் வந்தபோது பொன்னுவேல் அவள் கையை விரித்துக் காட்டினான். நகமெல்லாம் நாவல்பழ நிறம்.

வேலூரில் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெண்புகை படிந்ததுபோல இருந்தன. குழாய் விட்டுக் கழுவிப் பார்த்ததில் அதே வைரஸ். கான்சைக்ளோவிர் என்ற மருந்தை நாளைக்கு இருவேளை நரம்பில் ஏற்றினார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வெள்ளணுக்களும் இறங்கின.

"இந்த மருந்து புது மஜ்ஜையையும் அடிக்கும்," என்றார் டாக்டரம்மா. "நிறுத்தினா வைரஸ் ஏறும். நிறுத்தாட்டி வேற கிருமி வரும். அளவக் குறைச்சுப் பாக்கறோம்."

"மறுபடி என்ற மஜ்ஜையவே எடுத்துக்குங்க," என்றான் சென்றாயன்.

அவர் மருந்தின் அளவைக் குறைத்துச் சீட்டில் எழுதி நர்சிடம் கொடுத்தார்.

வெள்ளணுக்கள் மெல்ல ஏறின. இருபத்திரண்டாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். பார்வதி பிழைத்தாள். ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மேடு ஏற முடியாது. பொன்னுவேல் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஏற்காடு பஜாரில் சமதரையில் ஓர் அறை பிடித்தான்.

பிப்ரவரியில் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. வாரப் பரிசோதனையில் மட்டும் மறுபடி தெரிந்தது. செய்தி வந்த அன்றே மூவரும் கிளம்பினார்கள். இந்த முறை பார்வதிதான் முதலில் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மருந்து ஏற்றி, பதினைந்தாம் நாள் நடந்தே வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "அடுத்த தடவ ரத்தம் எப்பங்க குடுக்கணும்?" என்று பொன்னுவேலிடம் கேட்டாள்.

"செவ்வாக்கிழம," என்றான்.

பார்வதி பையிலிருந்து நோட்டை எடுத்து, அதைத் தானே எழுதிக்கொண்டாள்.