ஹார்ட்லி என்று சொன்னவள்

பிழைக்க வந்த வெளிநாட்டில், வேலை பார்த்த கிடங்கில் இரும்பு அடுக்கு சரிந்து அவள் கணவன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை நேரத்தில் அடுக்குக்குக் கீழே உட்கார்ந்து ஓய்வெடுத்தான், தப்பு அவன்மேல்தான் என்று நிர்வாகம் கைகழுவிவிட்டது. நஷ்டஈட்டுக்கான முதல் விசாரணையில் அவள் தமிழில் பத்து வாக்கியம் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த முறை தானே பேசுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடித்துப் போட்டுவிட்டு, புதன்கிழமைதோறும் ஆங்கில வகுப்புக்கு ஓடினாள்.

"எல்லார் வீட்டுலயும் டிவி இருக்கு. அதைப் பத்தியே பேசுவோம்" என்றார் டீச்சர்.

முதல் வாரம் ஆல்வேஸ், சம்டைம்ஸ், நெவர். அடுத்த வாரம், ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொற்கள். செய்தி வாசிப்பவர் பேசுவது ஸ்லோலி. சமையல் நிகழ்ச்சிக்காரர் நறுக்குவது குவிக்லி. வாலில் ஒரு 'லி' ஒட்டினால் போதும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்படி ஒட்டக்கூடாத சொற்களை டீச்சர் சொல்லிக்கொடுத்த வாரம், சலவை இயந்திரம் மக்கர் பண்ணியதால் அவளை வகுப்புக்கு விடவில்லை.

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். அண்ணன் போனதிலிருந்து நாத்தனார் சரியாகப் பேசுவதில்லை. டிவி ஓடும்போது மட்டும் கொஞ்சம் வாய் திறப்பாள்.

"அண்ணி, இந்த மாமியார் எப்படி அழுறாங்க, சொல்லுங்க."

"லவுட்லி."

"அந்த ஹீரோ எப்படி நடிக்கிறான்?"

"பேட்லி."

நாத்தனார் சிரித்தேவிட்டாள். சிரித்ததற்காக உடனே முகம் சுருங்கிப்போனாள்.

இரண்டாவது விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றாள். உங்கள் கணவர் எப்படி வேலை செய்வார் என்று அதிகாரி கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹி வொர்க்ட் ஹார்ட்லி" என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "ஹார்ட்லி?"

"யெஸ். ஆல்வேஸ் ஹார்ட்லி."

எதிர்த்தரப்பு வக்கீல் தலைகுனிந்து எழுதிக்கொண்டார். புரிந்துவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. நாத்தனார் போனில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துப் படித்தாள். ஒரு வரியில் நின்றாள்.

"அண்ணன் வேலையே செய்யமாட்டாருன்னு நீங்களே சொன்னதா போட்டிருக்கு."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? உழைச்சு உழைச்சே தேஞ்சாருன்னுதானே சொன்னேன்."

"மொழிபெயர்ப்பாளர் வேணாம்னு சொன்னது நீங்கதானே அண்ணி."

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் என்றாலே போதும், 'லி' ஒட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும் என்று மெல்லச் சொன்னார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே விசாரணை அலுவலகத்துக்கு வந்தார்.

குமாஸ்தா நல்ல மனிதர். கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை டீச்சர் தமிழில் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்கம்மா. தீர்ப்பை மாத்த முடியாது. ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க, கடைசில சேர்த்துடறேன்."

டீச்சர் தானே எழுதித் தரக் காகிதத்துக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே எழுதினாள், நாலு வரி, அடித்துத் திருத்தி. குமாஸ்தா முத்திரை குத்தி, கோப்பை அலமாரிக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. ஊரிலிருந்து மாமியார். தீர்ப்பு வந்துவிட்டதாமே, என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். 

நாத்தனார் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நல்லபடியா எழுதியிருக்காங்கம்மா. அண்ணன் மாதிரி உழைப்பாளி அங்க யாருமே இல்லையாம். அண்ணிதான் போய்ப் பேசினாங்க, இங்கிலீஷ்லயே."

மறுமுனையில் மாமியார் அழ ஆரம்பித்தார். நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் அண்ணியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.