தலைக்கு ஆயிரம் டொலர்

கலவை மெசின் விடிந்ததிலிருந்து போட்ட கூச்சலில் மருதமுனையின் அந்த ஒழுங்கையே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஏணியில் வரிசையாக நின்ற ஆட்கள் கொங்கிரீட் நிரப்பிய இரும்புத் தாச்சிகளைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். றஹீமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைத்தறிச் சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, வேலையாட்களுக்குப் பிளேன்டீ கொடுப்பதும் அண்ணாந்து பார்ப்பதுமாக ஓடித் திரிந்தாள். மகள் ஜெனூபாவின் கலியாண வீட்டுக்கல்லவா கூரை போடுகிறார்கள்!

பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தக் கரையில் கலியாணம் ஏது? புருசன் மௌத்தான பிறகு நெசவுக் கூலியில் சுவர் எழும்பியதே பெரிய காரியம். தகரக் கூரை என்றுதான் பேச்சு. இதற்கிடையில் இராணுவத்தில் லொறி ஓட்டும் மகன் றினாஸ், ஐ.நா. அமைதிப்படைக்காக ஆபிரிக்காவுக்குப் போனான். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் றிம்சான் போனில் தேடி, தலைக்கு மாதம் ஆயிரம் டொலருக்கு மேல் ஐ.நா. கொடுக்கிறதாம் என்று வாசித்துக் காட்டினான். அவ்வளவுதான், றஹீமா அகலக்கால் வைத்துவிட்டாள். மேல்மாடி எடுக்கத் தோதாகக் கொங்கிரீட் கூரை வேண்டுமென்று மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்றாள். கம்பியும் சீமெந்தும் கடனுக்கு வந்திறங்கின. மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டு மலைக்கட்டும் என்று ஆசை ஆசையாக மறைத்து வைத்திருந்தாள்.

பாதிக் கூரை மூடிய நேரம் அவனே வீடியோவில் வந்தான். அவள் போனை மேலே திருப்பிக் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை, ஏது காசு என்று கேட்டான். டொலர் கதையை அவள் பெருமையோடு சொன்னாள்.

“அது எனக்கில்ல உம்மா. ஆள் அனுப்பின நாட்டுக்குக் குடுக்கிற காசு. எனக்கும் கணக்குப் போடுவாங்க, இந்த லொறிக்கும் கணக்குப் போடுவாங்க. எல்லாம் அரசாங்கத்துக்குத்தான் போகும்.”

“அப்ப ஒனக்கு?”

“சம்பளத்தோட கொஞ்சம் கூடக் கெடைக்கும். இந்தக் கூரைக்குக் காணாது.”

அவள் பாதி மூடிய கூரையை அண்ணாந்து பார்த்தாள். அதே நேரம் மேசன் ஸஹீத் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். சீமெந்து முடியப் போகிறதாம். இந்த இடத்தில் நிறுத்தினால் பிறகு ஒட்டுப் போட்ட இடத்தால் காலத்துக்கும் ஒழுகும் என்றான்.

“ராத்தா, கடைக்கு ஆள அனுப்பவா?”

ஜெனூபா வேலியோரம் கூட்டாளிகளோடு நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து றஹீமா கண்டதில்லை.

“அனுப்புங்க தம்பி,” என்றாள்.

போனுக்குள் யாரோ விசில் ஊதினார்கள். வாகனப் பரிசோதனை என்று சொல்லி, றினாஸ் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு ஓடினான். வெள்ளை லொறிகள் வரிசையாக நின்றன. அதிகாரி ஒருவர் ஒவ்வொன்றாக எஞ்சினை இயக்கச் சொல்லிக் கேட்டார், டயரைக் காலால் தட்டினார், கையிலிருந்த தாளில் குறித்தார். பிறகு, தத்தம் லொறிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்ற சாரதிகளை விரல் நீட்டி எண்ணி, அதே தாளில் குறிக்கத் தொடங்கினார்.